கோண்டாவில் பக்கம் மாதச் சாமான்: ஃபுட் சிற்றியோ, சதொசவோ, சங்கக்கடையோ, உள்ளூர்ச் சுப்பரோ?

தோட்டத்தெரு கேட்டது:

வணக்கம். நாலு பேர் இருக்கிற வீடு, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். மாதத்துக்கு ஒருக்கா பெரிய சாமான்: அரிசி, சீனி, பருப்பு, எண்ணெய், பால்மா, சவுக்காரம், ரின்மீன். கிழமைக்கு ரண்டு தரம் மரக்கறி, மீன். வாகனம் மோட்டச்சைக்கிள்தான், ஆனபடியால் நாலு கடை ஏறி இறங்க ஏலாது, கூடினால் ரண்டு.

ஒராள் கார்கில்ஸின்ரை ஃபுட் சிற்றிதான் மலிவு எண்டுறார், இன்னொராள் அரசாங்கக் கடையான சதொசவை விட்டால் வேறை இல்லை எண்டுறார். சந்திக்குச் சந்தி உள்ளூர்ச் சுப்பர்மார்க்கற்றும் வந்திட்டுது. உண்மையிலை எதை எங்கை வாங்கிறது? வங்கிக் காட் சலுகை கணக்குக்கு வருமோ? மரக்கறியைச் சங்கிலிக் கடையிலை (ஃபுட் சிற்றி போல ஊரூரா கிளை வைச்சிருக்கிற கடை) எடுக்கலாமோ, சந்தைக்குத்தான் போகவேணுமோ? "நல்ல கடை", "மோசமான கடை" எண்டு சும்மா சொல்லாமல், என்னத்தைப் பாத்து வாங்கிறது எண்டு சொல்லுங்கோ.

---

தராசுத்தட்டு:

"எந்தக் கடை மலிவு" எண்டு கேட்டால் விடை வராது. எந்தச் சாமான் எண்டு கேக்கவேணும்.

முதலாவது, உச்ச சில்லறை விலை அச்சடிச்சு வாற சாமான்: பால்மா, சவுக்காரம், பற்பசை, பிஸ்கற், நூடில்ஸ். இதுக்கு ஒருத்தரும் அச்சு விலைக்கு மேலே விக்கேலாது. ஆகவே கடைக்குக் கடை வித்தியாசம் வாறது கழிவிலை மட்டும்தான். கழிவு போடுற வசதி பெரிய சங்கிலிக்குக் கூட, ஏனெண்டால் கொம்பனியிட்டை நேரை மொத்தமா எடுக்கினம், அந்த மாதத் தள்ளுபடியைக் கொம்பனியும் பங்குபோடும். தங்கடை குழுமத்துச் சாமானுக்குத்தான் சங்கிலிகள் அடிக்கடி கழிவு போடும். கார்கில்ஸிலை கிஸ்ற் ஜாம், கொத்மலைப் பால்பொருள், மெஜிக் ஐஸ்கிறீம் அந்த வகை. உங்களுக்கு அந்த மார்க் பிடிக்கும் எண்டால் லாபம். பிடிக்காட்டி, கழிவு எண்ட சிவப்பு மட்டையைப் பாத்து எடுக்கவேண்டாம்.

சிலர் "சுப்பர்மார்க்கற்றிலை வற் (பெறுமதிசேர் வரி) சேர்ப்பினம், அதாலை விலை" எண்டு சொல்லுகினம். தட்டிலை போட்டிருக்கிற விலை வற் சேர்ந்த விலைதான். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். அச்சு விலைக்குள்ளையே அது அடங்கியிருக்கு, பெட்டிக்கடையிலை வாங்கினாலும் அதே சவுக்காரத்துக்குள்ளை அந்த வரி இருக்கு. வற் பதிவில்லாத சின்னக் கடைக்கு வாற சின்ன ஆதாயம் உதிரிச் சாமானிலைதான்.

ரண்டாவது, அளவைப் பாத்து விலையைப் பிரிக்கிறது. இதிலைதான் கனக்கப் பேர் தோக்கிறவை. 400 கிராம் பால்மா பக்கற்றின்ரை விலையை 2.5 ஆலை பெருக்கினால்தான் கிலோ விலை. 400 கிராம் 1,100 ரூபா எண்டு வைச்சால் கிலோவுக்கு 2,750. ஒரு கிலோப் பக்கற் அதுக்குக் கீழை இருந்தால் மட்டும் பெரிசை எடுங்கோ. பெரிய பக்கற் எப்பவும் மலிவு எண்டு ஒரு சட்டமும் இல்லை. சின்னப் பக்கற்றுக்குக் கழிவு வாற கிழமையிலை கணக்குத் தலைகீழாப் போகும். பிஸ்கற், சவுக்காரம் ரண்டிலையும் விலையைத் தொடாமல் நிறையைக் குறைக்கிற பழக்கம் இருக்கு. பழைய மட்டைதானே எண்டு நம்பாமல் கிராமைப் பாருங்கோ.

எண்ணெய்தான் பெரிய குழப்பம். சுப்பர்மார்க்கற்றிலை லீற்றர், மில்லிலீற்றர். செக்கிலையும் சில சில்லறைக் கடையிலையும் போத்தல். போத்தல் எண்டால் 750 மில்லி. இன்னும் சில இடத்திலை கிலோ. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தண்ணியை விடப் பாரம் குறைவு, ஒரு லீற்றர் ஏறத்தாழ 920 கிராம்தான் நிக்கும். ஒரு போத்தல் ஏறத்தாழ 690 கிராம். போத்தல் 900 ரூபா எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ: லீற்றர் 1,200, கிலோ 1,300க்குக் கிட்ட. இப்ப "லீற்றர் 1,200, கிலோ 1,250" எண்டு ரண்டு கடை சொன்னால், கிலோக் கடைதான் மலிவு. கேக்கேக்கை மற்றப் பக்கமாத் தெரியும்.

அரிசி தனிக்கதை. 2024 டிசம்பரிலை வந்த வர்த்தமானி நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரிச்சம்பாவுக்கு 260 எண்டு உச்ச விலை போட்டது. எப்ப வாங்கினாலும் அந்த நேரம் நடைமுறையிலை இருக்கிற உச்ச விலையைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ, பேரை மாத்தி விக்கிறது இதிலைதான் நடக்கும். நாட்டரிசியைச் சம்பா எண்டு வைச்சால் கிலோவுக்கு 10 ரூபா போகும். மொட்டைக்கறுப்பன், சிவத்தப் பச்சை போல எங்கடை சாப்பாட்டு அரிசிக்குச் சங்கிலிக் கடையை நம்பவேண்டாம், வகையும் குறைவு, பழசும் கூட. அரிசி ஆலைக் கடையிலை 10 அல்லது 25 கிலோவா எடுங்கோ. பையின்ரை மூலையைத் தட்டிப் பாருங்கோ, மாத்தூள் அடியிலை இறங்கி நிண்டால் வண்டு பிடிக்கத் துவங்கீற்று. அரிசி நூல்போலை ஒட்டிக் கட்டியா நிண்டால் அந்துப்பூச்சி, எடுக்கவே வேண்டாம்.

காட் சலுகைக்குக் கணக்குச் செய்யாமல் போகாதேங்கோ. மூண்டு விசயம் சின்ன எழுத்திலை இருக்கும்: எந்த நாள், ஆகக்குறைஞ்ச பில் எவ்வளவு, ஆகக்கூடிய கழிவு எவ்வளவு. 20 வீதம், உச்சம் 1,500 ரூபா எண்டால் 7,500 ரூபாவோடை சலுகை முடிஞ்சுது. 15,000க்கு வாங்கினால் உண்மையிலை கிடைச்சது 10 வீதம்தான். கனக்கச் சலுகை மரக்கறி, பழம், இறைச்சி, மீனுக்கு மட்டும் வரும், பால்மாவுக்கு வராது. கிறெடிற் காட்டுக்கு உள்ளது டெபிற் காட்டுக்கு இருக்காது. காசாளர் பில் அடிக்க முந்தியே காட்டைக் காட்டிக் கேளுங்கோ. அடிச்ச பிறகு மாத்திறது கரைச்சல்.

---

சங்கக்கடைப்பிள்ளை:

தராசுத்தட்டு சங்கக்கடையை ஒரு வரியிலையும் சேர்க்காதது சரியில்லை.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையிலை சீனி, பருப்பு, கோதுமை மா, செத்தல் மிளகாய் எல்லாம் மூடையிலையிருந்து நிறுத்துத் தருவினம். 350 கிராம் பருப்புத்தான் தேவை எண்டால் 350 கிராம் வாங்கலாம். பக்கற் கூலி இல்லை. சங்கிலிக் கடையிலை அதே பருப்பு 500 கிராம் பக்கற்றிலை, மேலே கடையின்ரை பேர். கிலோ விலையைப் பிரிச்சுப் பாத்தால் பக்கற் கூலி தெரியும். அங்கத்தவராச் சேர்ந்தால், சங்கம் லாபத்திலை ஓடுதெண்டால் பங்குலாபமும் உண்டு.

குறையும் சொல்லவேணும். வகை குறைவு. மாலையிலை வேளைக்கே பூட்டிப்போடுவினம். கடைக்குக் கடை வித்தியாசம் பெரிசு; முகாமையாளர் கெட்டிக்காரர் எண்டால் சாமான் புதிசா இருக்கும், இல்லாட்டி போன வருசத்து மல்லி. உதிரிச் சாமானுக்குத் திகதி இல்லைத்தானே, ஆகவே மூக்கைத்தான் நம்பவேணும். செத்தல் மிளகாயை மடிச்சுப் பாருங்கோ. "டக்" எண்டு முறிஞ்சால் காய்ஞ்சது, வளைஞ்சால் ஈரம். ஈரத்துக்கும் சேர்த்துத்தான் நிறுவை. அரைச்சு வைச்சால் பூஞ்சணம் பிடிக்கிறதும் அதாலைதான். மிளகாய்த்தூள் பக்கற் வாங்கிறதை விட மிளகாயை வாங்கி மில்லிலை திரிக்கிறது எங்கடை ஊரிலை இன்னும் லாபம், நிறமும் உண்மையான நிறம்.

சதொசவும் அப்பிடித்தான். அரசாங்கம் விலை குறைச்சதெண்டு செய்தி வந்தால் சீனி, பருப்பு, அரிசி, ரின்மீன் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் குறைச்ச சாமான் வந்த வேகத்திலை முடிஞ்சுபோம், ஒராளுக்கு இவ்வளவுதான் எண்ட கட்டுப்பாடும் வரும். சதொசவை நம்பி மாதப் பட்டியல் போடேலாது. போற வழியிலை எட்டிப் பாக்கலாம்.

---

மருதடிச்சந்தி:

மரக்கறிக்கு நான் சொல்லுறன்.

கோண்டாவிலிலை இருந்துகொண்டு மரக்கறியைச் சங்கிலிக் கடையிலை வாங்கிறது வீண்வேலை. ஒருபக்கம் திருநெல்வேலிச் சந்தை, மற்றப் பக்கம் மருதனார்மடம். ரண்டும் கிட்ட. கத்தரிக்காய், வெண்டிக்காய், முருங்கைக்காய், பயித்தங்காய், கீரை எல்லாம் விடிய வெட்டி விடிய வாறது. சங்கிலிக் கடைக்கு அதே கத்தரிக்காய் சேகரிக்கிற நிலையம், லொறி, குளிர் அறை எண்டு சுத்தி வரும். வாற நேரம் காம்பு கறுத்திருக்கும். காம்பின்ரை வெட்டுவாயைப் பாருங்கோ, அதுதான் உண்மையான திகதி. வெண்டிக்காயை நுனியிலை முறிச்சுப் பாக்கச் சந்தையிலை ஏசுவினம், மெல்ல வளைச்சுப் பாத்தால் போதும்.

கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா வேறை. அது எங்கை வாங்கினாலும் கனக்க மலைநாட்டிலையிருந்தோ தம்புள்ளையிலையிருந்தோ வாறதுதான். சந்தையிலை வெயிலுக்குள்ளை கிடந்து வாடினதை விடக் குளிர்த்தட்டிலை இருக்கிறது நல்லம். காட் சலுகை மரக்கறிக்கு வாற நாளிலை இந்த நாலையும் ஃபுட் சிற்றியிலை எடுத்தால் சந்தையை விட மலிவா விழுறதும் உண்டு. உருளைக்கிழங்கு எடுக்கேக்கை பச்சை பிடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. பகலும் இரவும் வெளிச்சத்துக்குக் கீழை கிடந்தால் தோல் பச்சையாகும், கைக்கும், உடம்புக்கும் கூடாது. மாசி, பங்குனியிலை எங்கடை தோட்டக் கிழங்கு வரும். மண்ணோடைதான் இருக்கும், நிறுக்க முந்தித் தட்டிவிடச் சொல்லுங்கோ.

சின்ன வெங்காயத்தை ஒருநாளும் பொலித்தீன் பக்கற்றிலை வாங்காதேங்கோ. உள்ளுக்கை வேர்த்து நாலு நாளிலை அடி கறுக்கும். சந்தையிலை தாளோடை (காய்ஞ்ச இலையோடை) பிடியா வாங்கிக் காத்துப்படத் தொங்கவிட்டால் ரண்டு மூண்டு மாதம் நிக்கும். தாள் எவ்வளவு நீளம் எண்டு பாத்துத்தான் விலை பேசவேணும், தாளும் நிறுவைக்குள்ளை வரும்.

தேங்காய்க்கு ஒரு சூக்குமம். சங்கிலிக் கடையிலை பெரிசும் சின்னனும் ஒரே விலையிலை ஒரே குவியலுக்குள்ளை கிடக்கும். அங்கை பொறுக்கித் தேடினால் லாபம். சந்தையிலை அளவுக்கு ஏத்த விலை, தேடி ஒண்டும் வரப்போறதில்லை. ஆட்டிப் பாத்துத் தண்ணிச் சத்தம் கேக்காட்டித் திரும்ப வைச்சிடுங்கோ.

இன்னொண்டு: சந்தையிலை தோட்டக்காரரிட்டை 10 வீதக் கழிவு வெட்டுற பழக்கம் கனகாலப் பிரச்சினை. நூறு கிலோ கொண்டுவந்தவருக்குத் தொண்ணூறு கிலோவுக்குக் காசு. உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் றோட்டுக் கரையிலை தோட்டக்காரர் தாங்களே வைச்சு விக்கிற இடத்திலை வாங்கினால் உங்களுக்கும் மலிவு, அவைக்கும் முழுக்காசு. சங்கிலிக் கடைக்காரர் சந்தை வியாபாரியை விழுங்கப்போகினம் எண்டு 2013 இலை வைத்தியசாலை வீதியிலை கார்கில்ஸ் ஸ்குவயர் கடைத்தொகுதி திறந்தபோதே கதை இருந்தது. மரக்கறியிலை இன்னும் விழுங்கேல்லை. சவுக்காரத்திலை விழுங்கிப்போட்டினம்.

மீன் எண்டால் கேள்வியே தேவையில்லை. பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு எண்டு மீன் இறங்கிற கரை இருக்கேக்கை ஐஸ் தட்டிலை கிடக்கிறதை ஏன் வாங்கவேணும்? பூவை (செவுளை) தூக்கிப் பாருங்கோ, சிவப்பா இருக்கவேணும், மண்ணிறம் எண்டால் நேற்றையது. ஞாயிறு தொழில் குறைவு, விலை ஏறும். வெள்ளிக்கிழமை கனக்க வீட்டிலை மரக்கறிச் சாப்பாடு, ஆகவே அண்டைக்கு மீன் விலை இறங்கும், வியாழன் பின்னேரமே மரக்கறி விலை ஏறும். மரக்கறியைப் புதன் எடுங்கோ.

---

கொக்குவில்_காற்று:

எல்லாம் சரி. ஆனால் 40 ரூபா மிச்சம் பிடிக்க மோட்டச்சைக்கிளிலை மூண்டு சந்தை சுத்தினால் பெற்றோல் காசு ஆர் தாறது?

உள்ளூர்ச் சுப்பரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அங்கை முதலாளி கல்லாவிலையே இருப்பார், ஆனபடியால் பேசலாம். பெட்டியா எடுத்தால் (பால்மா, ரின்மீன், நூடில்ஸ்) விலை குறைப்பார், இல்லாத சாமானைக் கேட்டால் கொண்டுவந்து தருவார். சங்கிலிக் கடைக் காசாளரிட்டை இது நடவாது. பலவீனம் ஓட்டம் குறைவு. மெல்ல ஓடுற சாமான் (சோஸ், சீஸ், தானியக் காலையுணவு, வெளிநாட்டுச் சொக்கிளேற்) அங்கை எடுத்தால் திகதியை ரண்டுதரம் பாருங்கோ. அச்சு விலைக்கு மேலை ஸ்ரிக்கர் ஒட்டி மறைச்சிருந்தால் அந்தச் சாமானை வைச்சிட்டு வாங்கோ, அது சட்டப்படியும் பிழை.

பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியலுக்குச் சுப்பர்மார்க்கற் வேண்டாம், பனை அபிவிருத்திச் சபையின்ரை கற்பகம் கடை இருக்கு.

---

தோட்டத்தெரு:

எல்லாருக்கும் நன்றி. அரிசி ஆலையிலை, மரக்கறி மருதனார்மடத்திலை, மாதத்துக்கு ஒருக்கா ஃபுட் சிற்றி எண்டு நினைக்கிறன். இன்னும் ரண்டு கேள்வி. உறைஞ்ச கோழி வாங்கலாமோ? தட்டிலை ஒரு விலை, பில்லிலை இன்னொரு விலை வந்தால் என்ன செய்யிறது?

---

தராசுத்தட்டு:

கோழி: பக்கற்றுக்குள்ளை வெள்ளையாப் பனித்தூள் கட்டியிருந்தால், அல்லது அடியிலை சிவப்புத் தண்ணி தட்டையா உறைஞ்சிருந்தால், ஒருக்கா இளகித் திரும்ப உறைஞ்சதா இருக்கலாம். மின்சாரம் போய்வாற இடத்திலை இது நடக்கும். அப்பிடிப்பட்டதை விடுங்கோ. விலையைப் பாக்கேக்கை தோலோடையோ, தோல் உரிச்சதோ எண்டு பாருங்கோ. ரண்டுக்கும் கிலோ விலை வேறை. கடைசியா எடுத்து, நேரை வீட்டுக்குப் போங்கோ. மோட்டச்சைக்கிளின்ரை முன்பக்கம் வெயிலிலை கொழுவாமல் ரெஜிபோம் பெட்டிக்குள்ளை வையுங்கோ. போயா (பௌர்ணமி) நாளிலை இறைச்சிப் பகுதி பூட்டியிருக்கும், கலண்டரைப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

பில்: காசாளர் அடிக்க அடிக்கத் திரையைப் பாருங்கோ, வீட்டை போய்ப் பாத்துப் பிரயோசனமில்லை. பிழை கூட வாறது மூண்டு இடத்திலை. கழிவு முடிஞ்சும் மட்டையைக் கழட்டாமல் விடுறது; "2 எடுத்தால்" எண்ட கழிவு கணினியிலை ஏறாமல் போறது; நிறுக்கிற பகுதியிலை பிழையான இலக்கம் அடிக்கிறது. பம்பாய் வெங்காயத்துக்குச் சின்ன வெங்காய இலக்கம் விழுந்தால் விலை எங்கேயோ போகும். நிறுத்துத் தாற சீட்டிலை சாமானின்ரை பேர், கிலோ விலை, நிறை மூண்டும் இருக்கும். தராசடியிலையே வாசியுங்கோ.

வித்தியாசம் வந்தால் தட்டு மட்டையைப் போனிலை படம் எடுங்கோ, பில்லோடை வாடிக்கையாளர் மேசைக்குப் போங்கோ. மரியாதையாக் கேட்டால் கனக்க இடத்திலை அந்த இடத்திலையே திருப்பித் தருவினம். தராட்டி, அல்லது அச்சு விலைக்கு மேலை எடுத்தால், நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்துக்கு எடுங்கோ. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். பில் இல்லாமல் முறைப்பாடு நிக்காது, அதாலை பில்லைக் கடை வாசல் கூடைக்குள்ளை போடாதேங்கோ. பில் எழுத்து வெயிலிலை மங்கிப்போம், படம் எடுத்து வையுங்கோ.

---

சங்கக்கடைப்பிள்ளை:

பையைப் பற்றியும் சொல்லிவிடுறன். 2025 நவம்பர் 1 இலிருந்து பொலித்தீன் பை சும்மா தரேலாது, விலையைப் பில்லிலை போடவேணும். மாதச் சாமானுக்கு நாலைஞ்சு பை எண்டால் ஒவ்வொரு மாதமும் வீண்காசு. ரண்டு துணிப்பை, மீனுக்கு ஒரு உமல் (பனையோலைப் பை). பாரத்தை மோட்டச்சைக்கிளின்ரை ரண்டு பக்கமும் சமனாப் பிரிச்சுக் கொழுவுங்கோ, 10 கிலோ அரிசியை ஒரு பக்கம் தொங்கவிட்டால் வளைவிலை இழுக்கும்.

---

மருதடிச்சந்தி:

மருதனார்மடத்துக்குப் போறதெண்டால் காலமை வேளைக்குப் போங்கோ. மொத்த வியாபாரம் நடக்கிற நேரம் அஞ்சு கிலோவுக்குக் குறையத் தரமாட்டினம், ஆனால் பக்கத்து வீட்டோடை பங்கு பிரிச்சால் அந்த விலைதான் ஆகக்குறைஞ்ச விலை. மழைக்காலத்திலை, கார்த்திகை மார்கழியிலை, தோட்டம் வெள்ளத்துக்குள்ளை நிக்கும். அந்த ரண்டு மாதமும் கத்தரி, தக்காளிக்குச் சந்தை விலையையும் ஃபுட் சிற்றி விலையையும் ஒப்பிட்டுப் பாத்திட்டு வாங்குங்கோ, அப்ப ரண்டு இடத்துக்கும் சரக்கு வெளியிலையிருந்துதான் வரும்.